கஞ்சியில் கரைத்த மாத்திரை

பாஸ்டர் சிலுவைராஜ் ஒன்பது வருஷத்தில் ஏலப்பாறையைச் சுற்றி சபை கூட ஏழு தகரக் கொட்டகை போட்டவர். தேயிலை பேக்டரி வேலையை உதறிவிட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக நடந்து ஜெபம் பண்ணி ஆள் சேர்த்தவர். தகரத்தைத் தலையில் சுமந்து மேடேறியதும் அவர்தான், ஆணி அடித்ததும் அவர்தான். அதனால் ஊழியத்தில் அடுத்தவர் பேச்சு எடுபடாது. இரண்டாவது மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் முழிப்பார். எந்த லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

அவர் மனைவி செபமாலையம்மாள். அது கத்தோலிக்க வீட்டுப் பெயர், நம் சபைக்கு ஆகாது, மாற்று என்று ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து சொல்லிப் பார்த்தார். நகை ஆகாது என்று கம்மலைக் கழற்றச் சொன்னார், கழற்றினாள். தாலியைக் கழற்றச் சொன்னார், அழுதுகொண்டே கழற்றினாள். பெயரை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் போட்ட சட்டங்களில் பெரியது, விசுவாசி மருந்தைத் தொடக்கூடாது என்பது. எழுபத்து நாலாம் வருஷத்து மழைக்காலத்தில் அந்தச் சட்டம் அவர் தலையிலேயே விடிந்தது. பன்னிரண்டு நாள் காய்ச்சல். சபையார் மாறிமாறி வந்து ஜெபம் பண்ணினார்கள். ஆள் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். செபமாலையம்மாள் குடையை எடுத்துக்கொண்டு பஜாருக்கு இறங்கி, நூர்தீனின் மருந்துக்கடைப் பின்வாசலில் போய் நின்றாள்.

"டைபாய்டு மாதிரி தெரியுதும்மா. பதினாலு நாளும் விடாம குடுக்கணும்" என்று சொல்லி நூர்தீன் மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினார். "பாஸ்டரு ஒத்துக்கிட்டாரா?"

"அவுகளுக்குத் தெரியாது, பாய். தெரியவும் வேண்டாம்."

மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கரைத்து, கசப்பு தெரியாமல் இருக்கக் காந்தாரி மிளகாயை நசுக்கிப் போட்டு ஊட்டினாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். அவள் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். மறைத்துக் கொடுத்ததற்காக இல்லை, புருஷன் பிழைத்த சந்தோஷத்தில்.

வினை ஞாயிற்றுக்கிழமை வந்தது. கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் சாட்சி சொல்லும் நேரத்தில் பாஸ்டர் எழுந்தார். "ஒரு பச்சிலை தொடல! ஒரு மாத்திரை தொடல! கர்த்தர் என்னைத் தூக்கி நிறுத்தினாரு!" கொட்டகைத் தகரம் அதிர ஸ்தோத்திரம் கிளம்பியது.

அப்போது பெண்கள் பாயிலிருந்து மருதாயி எழுந்தாள். கொழுந்து கிள்ளுகிற பெண். தோளில் நாலு வயது மகள் துவண்டு கிடந்தாள், அதே காய்ச்சல். எஸ்டேட் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. "இன்னைக்கிக் கொண்டுபோகணும்னு இருந்தேன் பாஸ்டர். உங்க சாட்சியைக் கேட்டப்புறம் எனக்கு இது வேண்டாம்" என்று சீட்டை எல்லோரும் பார்க்க நாலாகக் கிழித்தாள். பிள்ளையின் நெற்றியில் தடவி ஜெபிக்க பாஸ்டர் எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்தார்.

செபமாலையம்மாள் பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். காய்ந்து வெடித்திருந்தது. சாட்சி நேரத்தில் எழுந்தவரை உட்காரச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதுவும் பாஸ்டர் போட்ட சட்டம்தான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நான் ஒரு சாட்சி சொல்லுதேன். அவுக மாத்திரை சாப்பிட்டாக. நான்தான் கஞ்சியில கரைச்சுக் குடுத்தேன். மருதாயி, பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."

பாஸ்டரின் முகம் கறுத்தது. குப்பியைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். போச்சு, ஒன்பது வருஷ உழைப்பையும் ஒரே நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டோம், மனுஷன் இனி வீட்டுக்கே வரமாட்டார் என்று அவள் நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. பஜாரில் வாடகை ஜீப் பிடித்துக்கொண்டு, மழையில் தொப்பலாக நனைந்து பாஸ்டர் உள்ளே வந்தார். மருதாயியின் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, "ஏறுங்க" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு நர்ஸ் வந்து, காய்ச்சல் இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று சொன்னாள். மருதாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செபமாலையம்மாளுக்கு மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. வயிறு பசிப்பதே அப்போதுதான் தெரிந்தது.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த பாஸ்டர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "ரெண்டாம் நாளே தெரியும், செபமாலை. காந்தாரி போட்டா அந்தக் கசப்பு போயிருமா?"

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "பெறகு எதுக்கு அப்படிச் சாட்சி சொன்னீக? பிள்ள செத்துருந்தா?"

"பொழைக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு." பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து தோல்வி என்று ஒன்று வந்து அவள் கேட்டது அன்றைக்குத்தான். திட்ட இருந்ததை விழுங்கிக்கொண்டு, டீ வாங்கிவரப் போனாள்.

ஆனால் ஆள் மாறிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையில் ஏறினார். "கர்த்தர் எனக்கு ஒரு புது வெளிப்பாடு குடுத்தாரு! மருந்தும் அவரு கையில இருந்துதான் வருது! இனிமே சீட்டோட வாங்க, நான் ஜெபம் பண்ணி அனுப்புறேன்!" என்று முழங்கினார். கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனைவியைப் பற்றி அரை வார்த்தைகூட இல்லை.

செபமாலையம்மாளுக்குச் சுருக்கென்றது. அடப்பாவி மனுஷா என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். அதற்குள் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் முன்னால் போய் நின்றார்கள். ஒரு கிழவர், ஒரு கர்ப்பிணி, இருமிக்கொண்டே இரண்டு பேர். இத்தனை நாள் இவர்களெல்லாம் சீட்டை எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ. பாஸ்டர் ஒவ்வொரு சீட்டின்மேலும் கையை வைத்து உருகி உருகி ஜெபித்தார்.

அன்றைக்குக் கொட்டகையில் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது செபமாலையம்மாள்தான்.