விறகு மிச்சமான மழைக்காலம்

கோத்தகிரியை அடுத்த அரவேணு பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் சூப்பர்வைசர் டக்ளஸ் கோபப்பட்டால் தூள் காயவைக்கிற ட்ரையர் சூடாகும். நம்பாதவர்கள் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

போன ஆடி மழையில் விறகெல்லாம் நனைந்து வெறும் புகையாக வந்தது. தூள் காயவில்லை. அந்த நேரம் பார்த்து இளம் தொழிலாளி ரெனிஷ் வந்து, சிநேகிதன் வாங்கிய புது பைக்கைப் பார்க்க லீவு கேட்டான். அந்த வயதில் காய்ச்சலோடுகூட நைட் ஷிஃப்ட் நின்றவர் டக்ளஸ். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பில் நரம்புக்குப் பதில் சார்ஜர் வயர்தான் ஓடுகிறது என்று கத்தினார். ட்ரையரின் முள் பத்து டிகிரி ஏறியது. மேனேஜர் கணேசன் தன் ரூம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்துவிட்டார்.

மறுநாளிலிருந்து தினம் காலை எட்டு மணிக்கு இளவட்டம் யாராவது லீவு கேட்டு வந்தார்கள். திங்கட்கிழமையே பிடிக்கவில்லை என்றான் ஒருவன். மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. சோற்றைக்கூட யாராவது மென்று கொடுத்தால்தான் தின்னும் கூட்டம் என்று டக்ளஸ் கொதித்தார். தூள் மொறுமொறுவென்று காய்ந்தது. விறகு லாரி வருவது நின்றே போனது. டக்ளஸின் பிரஷர் மாத்திரை மட்டும் ஒன்றிலிருந்து மூன்றாயிற்று.

வெள்ளிக்கிழமை, சல்லடையில் நிற்கும் மனிஷா வந்தாள். ஞாயிறன்று ஊட்டியில் அரசாங்கப் பரீட்சை, லீவு வேண்டும் என்றாள். நேற்று மழை, இன்றைக்குப் பரீட்சையா என்று டக்ளஸ் ஆரம்பித்தார். மற்றவர்களைப்போல அவள் தலையைக் குனியவில்லை.

“அவங்கெல்லாம் கேட்டது மேனேஜர் கேக்கச் சொன்னதுங்க சார். உங்க கோவத்துலதான் தூள் காயுது. நான் கேக்கறது நெசம். ரெண்டு வருசமாப் படிச்சிருக்கேன். இதையும் அடுப்புல போட்றாதீங்க.”

டக்ளஸ் ரெனிஷைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் மறைக்கவில்லை.

“தெனம் எட்டு மணிக்கு ஆள் அனுப்பறது என்ற டூட்டிங்க சார். ஒரு நா லேட் பண்ணுனதில்லீங்க.”

டக்ளஸ் மேனேஜர் ரூமுக்கு நடந்தார். பின்னால் நானூறு கிலோ தூள் கரியானது. கோத்தகிரியில் சுற்றுலா வந்தவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். கணேசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் கம்பெனி நன்மைக்குத்தான், மனிஷா லீவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தால் கோபம் ஆறிவிடும் என்றார். டக்ளஸ் லீவு லெட்டரை அவர் மேஜையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“இத்தன நாளா அந்தப் புள்ளைங்களச் சோம்பேறின்னு திட்டுனேன். அதுக அதுக டூட்டியச் சரியாத்தான் பாத்திருக்குது. எரிஞ்சது நானு. நீங்க என்னங்க வேல பாத்தீங்க?”

ஞாயிறு விடிகாலையில் மனிஷா ஊட்டி பஸ் ஏறிவிட்டாள். டக்ளஸ் வழக்கம்போல வேலைக்கு வந்து, ட்ரையர் பக்கத்தில் வாயை இறுக்கிக்கொண்டு நின்றார். கோபம் தொண்டை வரைக்கும் இருந்தது. கொடுக்கத்தான் மனமில்லை. எட்டு மணி வரை காத்திருந்த கணேசன், தாமே ட்ரையரைப் பார்த்துக் கத்தினார். ஒன்பது மணிக்குத் தொண்டை கட்டியது. முள் அசையவில்லை.

கட்டிய தொண்டையோடு விறகு மண்டிக்குப் போன் போட்டார். ஞாயித்துக்கெழம லீவுங்க என்றார்கள்.