பெங்ஸேக்கும் ஹார்பினுக்கும் ஒரே போர்வை

என் பேரு லுவோ ஷுன்பிங், வயசு பத்தொம்போது, வடக்குக் கோடி ஹார்பின்ல காலேஜ் ஹாஸ்டல்ல நாலாவது மாடி, கதவோரக் கட்டில். இங்க என் போர்வை மேல டீ கொட்டுனா அங்க தெக்க எங்க ஊரு பெங்ஸேல எங்கம்மா போர்வை நனையும். இது எங்க தெருவுக்கே தெரியும், புதுசா ஒண்ணும் இல்ல. ஆனா அப்பா டோங்குவான்ல ஷூ கம்பெனிலயே கெடக்குறாரு, அவருக்கு அரையும் கொறையுமாத்தான் தெரியும். அதனால மொதல்லேர்ந்து சொல்றேன். போன்ல பேசிப் பேசித்தான் நம்ம ஊரு குரூப்புல ஏத்துறேன், பேசுறத போனே எழுதிக்குது, எழுத்து தப்பா விழுந்தா பொறுத்துக்குங்க. ரூம்ல இப்ப யாரும் இல்ல, அதான் சத்தமாப் பேச முடியுது.

போன ஆகஸ்ட்ல சீட்டு கெடைச்ச சேதி வந்த அன்னைக்கே அம்மா பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. பிளாஸ்டிக் பேசின், அதுக்குள்ள செருப்பு, செருப்புக்குள்ள நகவெட்டி, துணி மாட்டுற கம்பி, பிளக் வயரு, மொளகா ஊறுகா ரெண்டு பாட்டில், ஆத்து மீன் கருவாடு, கூடவே ஒரு கொசுவலை. ஹார்பின்ல கொசு இருக்கோ இல்லியோ, கொசுவலை இல்லாம ஒரு புள்ள வெளியூரு போறத எங்கம்மாவால நெனச்சே பாக்க முடியாது. கயிறு கட்ட வந்த குவெய் மாமா, "அக்கா, இவன் படிக்கப் போறானா, கடை போடப் போறானா?"ன்னாரு. "நீ வாய மூடிட்டு அந்த முடிச்ச இறுக்கு"ன்னாங்க அம்மா. போர்வைக்குத்தான் ரொம்ப யோசிச்சாங்க. எங்க ஊருல குளிர்காலம்னா வீட்டுக்கு உள்ளயும் வெளியவும் ஒரே குளிரு, கோட்டு போட்டுக்கிட்டேதான் சோறு திம்போம். இங்கயே இப்படின்னா வடக்குல எப்படி இருக்கும்னு அவங்க ஒரு கணக்குப் போட்டாங்க. ஆத்தங்கரை நெலத்துல வெளஞ்ச பஞ்சு பூராத்தையும் அடிக்கக் கொடுத்து, அதுல முக்காவாசிய எனக்கும், மிச்சத்தத் தனக்குமா ரெண்டு போர்வை போட்டாங்க. ரெண்டு மேலயும் ஒரே செவப்பு நூல ஓட்டுனாங்க. நூல நடுவுல அறுக்க மறந்துட்டாங்க. ரயிலடிக்கு ரெண்டு போர்வையையும் ஒண்ணாத் தூக்கிட்டு வந்து, வண்டி நிக்குறப்ப பல்லால கடிச்சு அறுத்தாங்க.

அந்தக் கணக்கு தப்பு. எங்க ஊருக்காரங்க எல்லாரும் பண்ற தப்புதான். ஹார்பின்ல குளிரெல்லாம் தெருவோட சரி. அக்டோபர்ல சுவத்துக் குழாயில வெந்நி வுட ஆரம்பிச்சாங்கன்னா ரூமு அடுப்படி மாதிரி ஆயிடும், பசங்க பனியனோட படுத்திருப்பானுங்க. நான் அந்தப் போர்வைய விரிச்ச அன்னைக்கு எதுத்த கட்டில் ஹாவ் லெய், அவன் இந்தப் பக்கத்துப் பையன், எந்திரிச்சு வந்து சுத்திச் சுத்திப் பாத்தான். "டேய் தெக்கத்தி உருளக்கெழங்கு, இது போர்வையா, பன்னி பொணமா?"ன்னான். தெக்கேர்ந்து வர்றவங்கள இங்க உருளக்கெழங்குன்னுதான் கிண்டல் பண்ணுவாங்க. சிரிச்சுக்கிட்டே கையில இருந்த சோயாப் பால அதுமேல ஊத்திட்டான். மறுநாள் அம்மா போர்வைல சோயாப் பால் நாத்தம் அடிச்சுதாம். அம்மா பூனை மேல பழியப் போட்டாங்க. பூனை அப்ப வீட்டுலயே இல்ல, பக்கத்துத் தெரு மீன் கடைக்குக் குடி போயிருந்துச்சு.

அப்புறம் நவம்பர்ல ஒரு நாளு, ஊருப் பழக்கத்துல போர்வைய பால்கனிக் கம்பில காயப் போட்டேன். வெயிலு அடிச்சுது, நம்பிட்டேன். கிளாஸ் முடிஞ்சு வந்து பாத்தா போர்வை பலகை மாதிரி வெறச்சு, மேல வெரக்கட அளவுக்குப் பனி. அன்னைக்கு பெங்ஸேல அம்மா கட்டில் மேல மட்டும் பனி பெஞ்சுது. ஜன்னலுக்கு வெளியில தூறல் கூட இல்ல. எதுத்த வீட்டுப் புள்ளைங்க வந்து அதுல ஒரு பொம்மை செஞ்சுட்டுப் போச்சுங்க. அம்மா பொம்மைய வாசல்ல எடுத்து வெச்சுட்டு, போர்வைய ஒதறிப் போத்திக்கிட்டாங்க.

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. தூரத்துல இருக்குறவங்ககிட்ட நல்ல சேதிய மட்டுந்தான் சொல்லணும், அது நம்ம வீட்டுப் பழக்கம். கம்பெனில அப்பா கையில தையல் மெஷின் ஊசி ஏறுனதே தழும்பு ஆறுனப்புறந்தான நமக்குத் தெரிஞ்சுது. நான் போன் பண்ணா அம்மா, "நல்லாருக்கேன், நீ போர்வைய நல்லாப் போத்திக்கிறியா?"ம்பாங்க. நான், "தெனமும் போத்திக்கிறேன்மா, கதகதன்னு இருக்கு"ம்பேன். "சாப்பாடு?" "நல்லாருக்கு." "கூட இருக்குற பசங்க?" "தங்கமான பசங்க." பசங்க கெட்டவங்க இல்லதான். ஆனா அவனுங்க பேசுற வேகத்துக்கு என்னால சிரிக்க முடியல. நான் சிரிக்குறதுக்குள்ள அவனுங்க அடுத்ததுக்குப் போயிடுவானுங்க. ஒரு தடவ, எல்லாரும் குளிக்கப் போயிருந்தப்ப, போர்வை முனையில மூஞ்சிய வெச்சு அழுதேன். அடுத்த வாரமே ரெண்டு பாட்டில் மொளகா ஊறுகா பார்சல் வந்துச்சு. நான் கேக்கவே இல்ல.

அதுக்கப்புறம் ஹாஸ்டல் அக்கா ரூமப் பாத்துட்டு, "அந்த மலைய எங்கயாவது தள்ளி வெக்கறியா?"ன்னு சத்தம் போட்டாங்க. ஹாவ் லெய் காத்த உறிஞ்சுற பை ஒண்ணு கொண்டு வந்தான். போர்வைய அதுக்குள்ள திணிச்சு, வாயக் கட்டி, குழாய வெச்சு காத்த பூராத்தையும் இழுத்தோம். அத்தாம் பெரிய போர்வை சூட்கேஸ் மாதிரி சப்பையாயிடுச்சு. கட்டிலுக்கு அடியில தள்ளுனேன். எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு, இனிமே யாரும் சிரிக்க மாட்டானுங்கன்னு.

டிசம்பர்ல குவெய் மாமா போன் பண்ணாரு. அவரு வாரக்கடைசியிலதான் பேசுவாரு, அன்னைக்குச் செவ்வாய்க்கெழம. "மாப்ள, நான் சொன்னேன்னு சொல்லாத. அக்காவுக்கு நெஞ்சுல சளி. மூச்சு வாங்குது. ராத்திரி கோட்டு, சாக்ஸு எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் படுக்குது. அந்தப் போர்வை அப்பளம் மாதிரி ஆயிடுச்சுடா, கதவுக்கு அடியில வுட்டா அந்தப் பக்கம் வந்துடும்."

"வேற போர்வை குடுங்க மாமா."

"குடுக்காமலா இருப்பேன்? எங்க வீட்டுப் புதுசையே கொண்டு வந்து போட்டேன். மூஞ்சில வுட்டெறியாத கொறதான். இதப் போத்துனாத்தான் புள்ள எப்படி இருக்கான்னு தெரியும், உன் போர்வை எனக்கு என்னத்தச் சொல்லும்னு கேக்குது. பையன் தெனமும் போத்துறேன்னு சொல்றான், ஆனா போர்வைக்குள்ள ஆளே இல்ல, புள்ளைக்கு என்னமோ ஆச்சுன்னு ஒரே பொலம்பல். உன்கிட்ட மட்டும் கேக்காதாம், படிக்குற புள்ள பயந்துடுவானாம்."

நான் கிளாஸுக்குப் போகல. கட்டிலுக்கு அடியில இருந்து பைய இழுத்து வாயத் தொறந்தேன். அது பெருமூச்சு வுட்ட மாதிரி காத்த வாங்கிக்கிட்டு மெதுவா எந்திரிச்சுது. விரிச்சுப் பாத்தா நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சுப் படுத்த பள்ளம், எங்கம்மா அளவு. ஓரத்துல நெஞ்சுல தேய்க்குற தைலத்து வாசன. பள்ளம் அப்பப்ப குலுங்குச்சு, இருமுற மாதிரி. அத அப்படியே தூக்கி சுவத்துக் குழாய் மேல போட்டேன், ரெண்டு பக்கமும் தொங்க வுட்டு. பொழுது சாய்றதுக்குள்ள குலுங்குறது கொறஞ்சுது.

அன்னைலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் பெங்ஸேல குளிர்காலம் பூரா சூடா இருந்த ஒரே எடம் எங்கம்மா கட்டில்தான். மாமா சொல்லித்தான் தெரியும். மொதல்ல எதுத்த வீட்டுக்காரம்மா கால மட்டும் உள்ள வுட்டுக்கறேன்னு வந்தாங்களாம். அப்புறம் தெருப் பொம்பளைங்க எல்லாம் கட்டிலச் சுத்தி ஒக்காந்து, போர்வைக்குள்ள கால நீட்டிக்கிட்டு, சூரியகாந்தி வெதை கொறிச்சுக்கிட்டு, மருமகளுங்களத் திட்டிக்கிட்டு இருந்தாங்களாம். ஈரச் சாக்ஸெல்லாம் அதுமேலதான் காஞ்சுதாம். இங்க என் போர்வை மேல வெதைத் தோலு கெடக்கும், நான் தெனம் கூட்டுவேன். ஹாவ் லெய், "யாருடா திங்குறா?"ன்னு கேட்டான். எங்க தெருக்காரங்கன்னேன். "எனக்கும் கொஞ்சம் வெக்கச் சொல்லு"ன்னுட்டுப் போயிட்டான். அம்மாவுக்கு மூச்சு வாங்குறது நின்னுடுச்சு. பகல்ல குழாய் மேல போடுவேன், படுக்குறப்ப எடுத்து நெசமாவே போத்திக்குவேன், வேத்து ஊத்தும், ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வெச்சுக்குவேன். உள்ள ஆளு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்ல. போன்ல மட்டும் ரெண்டு பேரும் பழைய மாதிரியேதான். "நல்லாருக்கியா?" "நல்லாருக்கேன்மா."

புதுவருஷத்துக்கு நான் வரல. இங்க ஐஸ் சறுக்கு வெளையாடுற எடத்துல வேலை இருந்துச்சு. எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க, மாடி பூரா நான் ஒருத்தன்தான். அன்னைக்கு நம்ம வீட்டுல வெடிச்ச பட்டாசு வாசன போர்வைல வந்துச்சு. மீன் வறுத்த வாசனையும் வந்துச்சு. ரொம்ப நேரம் உள்ளயே படுத்திருந்தேன்.

இப்ப போன வாரம் குழாயில வெந்நிய நிறுத்திட்டாங்க. வசந்தம் வந்துடுச்சாம். வெளியில இன்னும் அழுக்குப் பனி கெடக்கு, ரூமு சில்லுன்னு இருக்கு. மொத தடவையா எனக்கு இங்க குளிருது. ஹாவ் லெய் கூட ரூம்ல இருந்தா கோட்டோட ஒக்காந்து என் போர்வையவே பாத்துக்கிட்டு இருப்பான்.

அம்மாவுக்குப் போன்ல இருக்குற பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அதனால இத யாரு படிச்சாலும், மாமா படிச்சாலும் அப்பா படிச்சாலும், அவங்களுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. நான் நல்லா இல்லைன்னு சொல்லுங்க. குளிருதுன்னு சொல்லுங்க, பேச ஆளு இல்லைன்னும் சொல்லுங்க. பயப்பட வேண்டாம், காய்ச்சல் கீய்ச்சல் இல்ல. நம்ம ஊருல இப்ப நல்ல வெயிலு அடிக்கும். அவங்க போர்வையக் கொஞ்சம் வாசல்ல காயப் போடச் சொல்லுங்க. மழை வந்தா மறக்காம எடுத்துடச் சொல்லுங்க.