புகார்ப் பிரிவு அப்பா

மகள் பள்ளிப் பையோடு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டதும், அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கதவைப் பார்த்துச் சொன்னார். "உன்னோட சிரமம் எனக்குப் புரியுது."

அது அவர் குரல் அல்ல, அலுவலகத்தின் குரல். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவருக்கு வேலை. முகம் தெரியாதவர்கள் நாள் முழுக்கக் காதுக்குள் ஏசுவார்கள். போனை வைப்பதற்குள் அவர்களையே நன்றி சொல்லவைத்துவிடுவார். மெஷின் அப்படியேதான் கிடக்கும், கோபம் மட்டும் போயிருக்கும். இந்த வித்தைக்காக அவருக்கு இரண்டு தடவை சுவர்க்கடிகாரம் பரிசாகக் கிடைத்திருக்கிறது. இரண்டும் ஓடவில்லை. யாரிடம் புகார் செய்வது?

"உனக்குப் புரியலை" என்றாள் உள்ளிருந்து.

"சரி குட்டி, என்ன நடந்ததுன்னு முதல்லேருந்து சொல்லு."

"அதான் சொன்னேனே. என் பிரெண்டு என்கூடச் சாப்பிட உக்காரலை. கிளாஸ்ல அந்த மூணு பேரோட போயிட்டா. நான் கிட்டப் போனா இடமில்லைங்கிறா. பெஞ்சில இடம் இருந்துச்சுப்பா."

அந்தக் கடைசி வாக்கியம் அவர் காதிலேயே நின்றது. ஆனால் வாய் பழகிய தடத்திலேயே ஓடியது. "இதைச் சரி பண்ணிடலாம்மா. நான் அவ அம்மாகிட்ட ஒரு வார்த்தை…"

"பேசினே, நான் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன்."

"பேசலை. வேற ஏதாவது உதவி…"

"மெஷின் வாங்கினவங்ககிட்ட பேசுற மாதிரி என்கிட்ட பேசாதே. அம்மா எப்போ வருவா?"

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட். "உன் மேலதிகாரியைக் கூப்பிடு" என்று எத்தனையோ பேர் போனில் கத்தியிருக்கிறார்கள். அதெல்லாம் துடைத்துப்போட்டுவிட்டுப் போகக்கூடியது. இது சுருக்கென்று தைத்தது. இன்றைக்குச் சொதப்பினால், இனி மனசு உடைகிறபோதெல்லாம் இவள் அம்மா வருகிறவரை காத்திருக்கப் பழகிவிடுவாள்.

கதவில் சாய்ந்து மிதியடியில் உட்கார்ந்தார். அலுவலகத்தில் போனில் பேச்சு சற்று நின்றாலே வேலை மதிப்பெண்ணில் வெட்டு விழும். அந்தப் பயத்திலேயே வளர்ந்த நாக்கு இப்போது நமநமத்தது. 'போகப்போகச் சரியாயிடும்' என்பது உதடுவரை வந்தது, விழுங்கினார். 'உனக்கு வேற பிரெண்டா கிடைக்காது' என்பது வந்தது, அதையும் விழுங்கினார். கால் மரத்துப்போயிற்று. உள்ளே கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. பதறி எழுவதற்குள் தாழ் விலகியது.

அந்த மூன்று பேருக்கும் நெற்றியில் முடி சீராக வெட்டித் தொங்கும். இவளும் இப்போது அதைத்தான் வெட்டியிருந்தாள். ஒரு பக்கம் புருவத்தைத் தொட்டது, மறு பக்கம் பயந்துபோய் உச்சிக்கே ஏறியிருந்தது.

"எப்படி இருக்கு?"

இந்தமாதிரிக் கேள்விகளுக்கு அவரிடம் தயார் பதில்கள் நிறைய இருந்தன. எல்லாம் மரியாதையானவை, ஒன்றும் உண்மையில்லை.

"கோணலா இருக்கு."

அவள் உதடு பிதுங்கியது. போச்சு, கெடுத்துவிட்டோம் என்று நினைத்தார். அவளோ அவர் சட்டையில் முகத்தைப் புதைத்து, வீடே கேட்க அழுதாள். அழாதே என்று அவர் சொல்லவில்லை.

"நாளைக்கு எல்லாரும் சிரிப்பாங்களா?"

"சிரிக்கலாம்."

"உனக்குச் சிரிப்பு வருதா?"

"லேசா."

மூக்கை உறிஞ்சியபடி கத்தரிக்கோலை அவர் கையில் வைத்தாள். "நேராக்கிவிடு. ரொம்ப வெட்டிடாதே."

அவர் ஜென்மத்தில் யாருக்கும் முடி வெட்டியதில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து, துண்டைப் போர்த்தி, முடியை நனைத்து நெற்றியோடு படியவைத்தார். அவள் கண்களை இறுக மூடி, முகத்தை அவரிடம் நிமிர்த்திக் கொடுத்தாள். முதல் வெட்டில் ஒரு துணுக்கு மூக்கு நுனியில் விழுந்து ஒட்டியது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வெட்டுக்குக் காத்திருந்தாள்.