ஹெப்சி கல்யாணத்துக் கேக்

தேரிவிளையில் கல்யாணக் கேக்கைத் தின்றால், அடுத்த கல்யாணத்தில் கேக்கைத் தின்னும்வரை அந்த ருசி வாயை விட்டுப் போகாது. சோறு, கருவாடு, காபி, காய்ச்சல் மாத்திரை எல்லாம் அதே ருசிதான். கடைசியாகக் கல்யாணம் நடந்தது கோயில்பிள்ளை சார் வீட்டில். ஸ்ட்ராபெர்ரி. மழைக்கு முன்னால் நடந்தது. ஊர் இன்னும் ஸ்ட்ராபெர்ரி ரசம் குடித்துக்கொண்டிருந்தது.

அதனால் சாப்பாட்டுக்கடை ஜெயசிங் மகள் ஹெப்சிக்குக் கல்யாணம் என்றதும், மாப்பிள்ளை யார், என்ன வேலை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என்ன ருசி என்றுதான் கேட்டார்கள். பல் விளக்கும்போது கேட்டார்கள். கோயிலில் முழங்கால் போட்டு ஜெபிக்கும்போது பக்கத்தில் வந்து கேட்டார்கள். ஜெயசிங்குக்கு மண்டை காய்ந்தது. அவர் தங்கச்சி சலோமி பட்டர்ஸ்காட்ச் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நற்கருணைக்கு இடைஞ்சல் இல்லாத ருசியாகப் பார்க்கச் சொன்னார் பாஸ்டர். கோயில்பிள்ளை சாரே வந்து பிஸ்தாவுக்குச் சிபாரிசு செய்தார்.

"ஸ்ட்ராபெர்ரியப் போட்டு ஊரைக் கொன்ன மனுசன், எனக்கு யோசனை சொல்லுதாரு பாரு!" என்று மனைவி வயலட்டிடம் கத்தினார் ஜெயசிங்.

"ஆளுக்கு ஒன்னாப் போட்டுத் தொலைச்சா என்ன?" என்றாள் வயலட்.

அதுவும் ஒருகாலத்தில் நடந்ததுதான். புருஷன் வாயில் ஆரஞ்சு, பெண்டாட்டி வாயில் சாக்லேட் என்று ஆகி, ஒரு குழம்பைப் பற்றி நிம்மதியாகச் சண்டைகூடப் போட முடியாமல் குடும்பங்கள் பிரிந்துபோயின. அதிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு ஒரே ருசி. அதை முடிவு செய்வது பெண்ணைப் பெற்றவன்.

பெற்றவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அவர் கடை மீன்குழம்பைத் தின்றுவிட்டு வெளியூர் லாரிக்காரர்கள் விரலை நக்குவார்கள். ஹெப்சிக்கோ பல் முளைக்கும் முன்பே யாரோ கல்யாணக் கேக்கை நாக்கில் தடவிவிட்டார்கள். அன்று முதல் அப்பாவின் குழம்பை அன்னாசியாகவும் வெண்ணிலாவாகவும் தின்றே வளர்ந்தாள். ஒருநாள்கூட மீன்குழம்பாகத் தின்றதில்லை. இனி மாப்பிள்ளையோடு மஸ்கட்டுக்குப் போய்விடுவாள்.

பேக்கரிக்குப் போய், "மீன்குழம்பு" என்றார்.

பேக்கரி ஸ்டீபன் அலமாரியைத் திறந்து பார்த்தான். "அதுக்கு எசன்ஸ் இல்லண்ணாச்சி. குழம்பு வைக்கிற கையே வந்து மாவு பிசையணும்."

ஜெயசிங் பிசைந்தார். புளி, மிளகாய், அரைத்த தேங்காய் எல்லாம் கைக்கணக்கு. பின்னாலேயே வந்துவிட்டாள் சலோமி.

"ஏண்ணே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? காலையில காபி மீன்குழம்பா இருந்தா என் மாமியா என்னையத்தான ஏசுவா?"

"வாய மூடுதியா, இல்ல மாவ உன் தலையில கொட்டவா?"

உப்பை ஒரு கை போட்டிருந்தார். இன்னொரு கை போட வேண்டும். சலோமியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்ததில் அது மறந்துபோனது. நாக்கில் வைத்துப் பார்க்கலாம் என்றால் இருப்பது ஸ்ட்ராபெர்ரி நாக்கு.

வரவேற்பில் மாப்பிள்ளை ஊட்டிய துண்டை ஹெப்சி மென்றாள். மெல்வதை நிறுத்தினாள். மறுபடி மென்றாள். மேடைக்குக் கீழே கேக் தட்டோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

"இதாப்பா அது?" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "நல்லா இருக்குப்பா. உப்புதான் கொஞ்சம் பத்தல."

ஜெயசிங் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைவரிசையாகப் பரிமாறினார். ஸ்ட்ராபெர்ரி போனால் போதுமென்று எல்லாரும் வாங்கித் தின்றார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஊரே கடை வாசலில் நின்று ஏசியது. மீன்குழம்பைக்கூட மன்னித்துவிடலாம், உப்பில்லாததை எப்படி மன்னிப்பது? அள்ளி அள்ளிப் போட்டாலும் அந்த உப்பும் உப்புக் குறைந்த மீன்குழம்பாகவே இருந்தது. உடனே இன்னொரு கல்யாணம் வேண்டும். கட்டிக்கொடுக்கிற வயதில் ஊரில் யாரும் இல்லை. ஊர்க் கமிட்டி கூடி, கிழக்கே இருக்கிற உப்பளத்தை ஸ்டீபன் பேக்கரி அடுப்புக்குக் கட்டிக்கொடுப்பதாக நிச்சயித்தது. உப்பால் வந்த வினை என்பதால், பெண்ணுக்கு அப்பாவாக ஜெயசிங்தான் நிற்க வேண்டுமாம்.

ஹெப்சி மஸ்கட் போய்ச் சேர்ந்ததும் எரிச்சலோடு போன் போட்டார்.

"நீயும் வந்து ஒரு துண்டு தின்னுட்டுப் போயிரு தாயீ. இந்தத் தடவ உப்பு சரியாப் போடுதேன்."

"வரலப்பா" என்றாள் ஹெப்சி.

"லீவு இல்லியா?"

"லீவெல்லாம் கெடக்கு. இது உப்புக் கம்மியாவே இருந்துட்டுப் போட்டும்ப்பா."

ஜெயசிங் போனை வைத்தார். பிறகு வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு, உப்பளத்துக்குப் பட்டு எடுக்க வயலட்டைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். உப்பளத்துக்குப் பச்சைதான் பிடிக்கும் என்று கமிட்டிக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.