ஹெல்காவைக் காக்க வைத்ததற்கு

1

இந்தக் கதை எனக்குச் சூலூர் பேருந்தில் கிடைத்தது. முன் இருக்கைக்காரர் கைபேசியில், "ஓகே மேடம், ஐ வில் கோ அண்ட் கம்" என்று பணிவாகச் சொல்லி, இணைப்பைத் துண்டித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் நான் கேட்டது. மேடம் யார், அதைக் கேட்டு என்ன செய்தார் என்பதெல்லாம் என் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சூலூரில் எட்டு விசைத்தறிகளும் ஒரே நேரத்தில் நின்றபோது கிருபாசங்கர்...’

வேண்டாம். தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பாதியில் நின்றது ஒரு வாக்கியம். ‘சாரி ஃபார்’ என்று தட்டிவிட்டான். அதற்கப்புறம் வெயிட்டா, டு வெயிட்டா, வெயிட்டிங்கா? அவனுக்குப் பிடிபடவில்லை. மணி ஐந்து. ஆறு மணிக்குள் கடிதம் போயாக வேண்டும்.

2

என்ன கடிதம் என்று சொல்லிவிடுகிறேன். கிருபாசங்கருக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருடமாக அடுத்தவர் நூலைக் கூலிக்கு நெய்து கொடுப்பவன். இப்போதுதான் முதன்முறையாகச் சொந்தப் பெயரில் ஓர் ஆர்டர் வரும்போல இருந்தது. ஹாம்பர்க்கில் கடை வைத்திருக்கும் ஹெல்காவுக்கு அவன் நெய்த சமையலறைத் துண்டுகள் பிடித்துவிட்டன. இது கைநழுவினால் மறுபடி கூலி நெசவுதான்.

மதியம் வீடியோவில் பேசினார்கள். சாயம் போகாது, ஓரம் பிரியாது என்று தெரிந்த ஆங்கிலத்தில் தைரியமாகவே சொன்னான். விடைபெறும்போதுதான் வினை. நம் பக்கம் யாரும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்புவதில்லை. திரும்பி வராதவர் சொல்வது போல் இருக்கும். "போயிட்டு வாரேனுங்க" என்போம். அதைத்தான் அவன் ஆங்கிலத்தில் சொன்னான். வருகிறேன் என்றவருக்காக ஹெல்கா முப்பத்தைந்து நிமிடம் இணைப்பிலேயே காத்திருந்தார். அவனோ பேக்கரியில் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தான்.

(முப்பத்தைந்து நிமிடம் யாராவது காத்திருப்பார்களா? எனக்கும் சந்தேகம் வந்து பத்தாகக் குறைத்தேன். மனசு கேட்கவில்லை. ஒருவர் சொன்ன சொல்லை அவ்வளவு நேரம் நம்பும் ஹெல்காவை எனக்குப் பிடித்துப் போனது. திரும்ப முப்பத்தைந்து ஆக்கிவிட்டேன்.)

நாலரைக்கு ஹெல்காவின் மின்னஞ்சல் வந்தது: ‘நீங்கள் வரவே இல்லை. உங்கள் நேரத்தில் ஆறு மணிக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.’

3

"ஏனுங்க, போயிட்டு வாரேன்னு சொல்லிப்போட்டு வராம இருந்தா அந்தம்மா என்ன பண்ணுவாங்க?" நூல் சுற்றும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவன் மனைவி லோகப்பிரியா வந்தாள்.

"சிரிக்காத அம்மணி. ‘சாரி ஃபார் டு வெயிட்’னு போட்டுடட்டுமா?"

"ஃபார்தான் ஏற்கெனவே உக்காந்திருக்குதுங்களே. ஒரு சீட்டுல ரெண்டு பேரா?"

"அப்ப ‘சாரி ஃபார் கீப் யூ வெயிட்’?"

"அதத் தமிழ்ல சொல்லுங்க பாக்கலாம்."

"காக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கங்க."

"ஏன், ‘காக்க வெச்சேன்க்கு’ன்னு சொல்றது!"

"அதெப்படி ஒட்டும்?"

கேட்டதும் அவன் துள்ளி எழுந்தான். எழுதிக்கொண்டிருந்த நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஒட்டாது! ‘வைத்தேன்’ என்பது வினை. அதை ‘வைத்தது’ என்று பெயராக்கினால்தான் ‘க்கு’ வந்து உட்காரும். ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. நம் ‘க்கு’ பின்னால் வருகிறது, அவர்கள் ‘ஃபார்’ முன்னால் வருகிறது. நம் ‘அது’ செய்யும் வேலையை அங்கே ‘இங்’ செய்கிறது. ஃபார் கீப்பிங். வித்தவுட் சேயிங். இவ்வளவுதான் சூட்சுமம்.

* அடிக்குறிப்பு, ஆனால் அடியில் வைக்க மனமில்லை: ‘டு’ மட்டும் இரண்டு வேடம் போடும். சோதிக்க லோகப்பிரியா அவனுக்குச் சொல்லிக் கொடுத்த வழி: அதற்குப் பின்னால் ஒரு டீயை வையுங்கள். ‘ஐ வான்ட் டு டீ’ உளறல், அங்கே இங் வேண்டாம். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு டீ’ (டீயை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்) சரியாக நிற்கிறது. அங்கே வினை வந்தால் இங் போடுங்கள்.

4

லோகப்பிரியாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? முதல் வரைவில் அவளை ஆர்.எஸ்.புரத்துப் பள்ளி ஆசிரியை ஆக்கினேன். உடனே பாடம் நடத்த ஆரம்பித்தாள், அந்த வரியை அடித்துவிட்டேன். இப்போது அவள் கல்யாணத்துக்கு முன் திருப்பூர் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் நாலு வருடம் கடிதம் தட்டியவள். ஒரே மாதிரி வாக்கியம் ஆயிரம் முறை கண்ணில் பட்டால் அதன் எலும்பு தெரிந்துவிடும்.

‘சாரி ஃபார் கீப்பிங் யூ வெயிட்டிங்’ என்று தட்டி நிமிர்ந்தாள்.

"அனுப்பிரட்டுங்களா?"

"இரு. அவங்க காரணத்தத்தான கேட்டாங்க? சாரி ஆரு வேணா சொல்லுவாங்க. வேணும்னே உட்டுப்போட்டுப் போனேன்னுதான நெனைப்பாங்க?"

அவன் சொன்னது சரி. எனக்கே அது தோன்றவில்லை. அழகான வாக்கியம் கிடைத்த குஷியில் ஹெல்காவின் கேள்வியை மறந்துவிட்டேன். அடுத்த வரியை அவனே சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்: ‘இன் அவர் பிளேஸ், வீ நெவர் லீவ் வித்தவுட் சேயிங் வீ வில் கம் பேக்.’ எங்கள் ஊரில், திரும்பி வருவோம் என்று சொல்லாமல் நாங்கள் கிளம்புவதில்லை.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் போனது.

5

ஐந்து ஐம்பத்தெட்டுக்குத் திரையில் அழைப்பு மணி.

இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஹெல்கா சிரித்துக்கொண்டே ஆர்டரைத் தருகிறார். இன்னொன்றில், அதற்குள் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். கடிதம் பிடித்துப்போய், அடுத்த பருவத்துக்குப் பேசலாம் என்று சொல்லத்தான் அழைத்தார். இரண்டில் எது வேண்டுமோ அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, ஏனென்றால் இரண்டிலும் பேச்சு முடிகிறது, இரண்டிலும் அவன் விடைபெற்றாக வேண்டும்.

"ஓகே மேடம், ஐ வில் கோ அண்ட்..."

லோகப்பிரியா அவன் தொடையில் கிள்ளினாள். குட்பை என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. போறேன் என்பது போலவே இருந்தது. பிறகு மனசுக்குள் டீயை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"லுக்கிங் ஃபார்வர்ட் டு டாக்கிங் டு யூ அகெய்ன், மேடம்."

ஹெல்கா கையசைத்து இணைப்பை அணைத்தார். இந்த முறை யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

பேருந்தில் முன் இருக்கையில் இருந்தவரே, இதை நீங்கள் படித்தால்: ‘போயிட்டு வாரேனுங்க’ என்பதற்கு அங்கே சொல்ல வேண்டியது அதுதான்.