முன் இருக்கையில் எத்தனை கிலோ

எங்கள் மலைநகரம் மனிசாலெஸில் பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். விற்கிறவன் சத்தியம் பண்ணுவான், கண்ணைக் கசக்குவான், பெற்ற தாய்மேல் ஆணையிடுவான். நான் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு தாளில் எண்களை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ருபியேலா ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதமாட்டாள் என்று ஊரில் பேரெடுத்தவள் நான். என் சொந்தத் தம்பி ஓட்டை வண்டியைக் கொண்டுவந்தபோதும் ஓட்டை என்றே எழுதினேன். அவன் இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வராவிட்டால் போகட்டும்.

தோன் எவெலியோ முதன்முதலில் வந்தது எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஜனவரி. எங்களூரில் மரியாதைக்கு ஆணைத் தோன் என்போம், பெண்ணைத் தோன்யா. கீழே சிஞ்சினாவில் தையல் இயந்திரம் பழுதுபார்க்கிறவர். கொண்டுவந்தது வெள்ளி நிற ஹேட்ச்பேக். எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்து நிற்கும் ரகம். ஐந்து கதவு, ஐந்து கியர், ஒன்று புள்ளி நான்கு லிட்டர் என்ஜின், எண்பத்தேழு குதிரைசக்தி. டேங்க் நிறைந்து ஆளில்லாமல் நின்றால் தொள்ளாயிரத்து நாற்பது கிலோ என்று அதன் புத்தகம் சொல்கிறது. அந்த எண்பத்தேழெல்லாம் கடற்கரையில்தான். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே காற்று மெலிந்துவிடுகிறது, எழுபது மிஞ்சினால் அதிசயம். அதனால் இந்தச் சின்ன என்ஜின்களில் ஒரு ஆள் கூடுதலாக ஏறினாலும் மேட்டில் தெரிந்துவிடும்.

"மேட்டுல இழுக்க மாட்டேங்குது, தோன்யா ருபியேலா," என்றார். "கிளச்சுங்கறான் ஒருத்தன், இன்ஜெக்டருங்கறான் இன்னொருத்தன். ரெண்டையும் மாத்திட்டேன்."

"மாத்திட்டு என்கிட்ட வர்றீங்களாக்கும்! நல்லா இருக்குய்யா நியாயம்," என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

சிஞ்சினா சாலையில் இறங்கித் திரும்ப ஏறினேன். எங்கள் நாட்டில் ஸ்டீயரிங் இடப்பக்கம்; அது ஒரு விரலுக்கு அடங்கியது. பிரேக் நேராகப் பிடித்தது. ஆனால் மேடு தொடங்கியதும் மூன்றாவது கியரில் மூச்சு வாங்கியது. இரண்டாவதுக்கு இறங்கிய பிறகுதான் நகர்ந்தது. இடது வளைவுகளில் வலப்புறமாக ஒரு பங்கு அதிகம் சாய்ந்தது. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு ஓட்டினால் இந்த ரகக் கார் அப்படித்தான் போகும். நான் மட்டும்தான் இருந்தேன்.

காலியான அந்த வலப்பக்க இருக்கைக்கு பெல்ட் மாட்டியிருந்தது. எதற்கு என்று கழற்றிவிட்டேன். டிங், டிங், டிங் என்று மணி அடிக்க ஆரம்பித்தது, சிவப்பு விளக்கும் எரிந்தது. யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கார் என்னிடம் புகார் சொன்னது. இருக்கையில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சென்சாரைச் செய்தவனின் பரம்பரையையே திட்டிவிட்டு பெல்ட்டைத் திரும்ப மாட்டினேன். சத்தம் நின்றது.

என் பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடைத் தட்டு உண்டு. டேங்கை நிரப்பி, ஆளில்லாமல் ஏற்றினேன். தொள்ளாயிரத்து எழுபத்துநான்கு காட்டியது. கூடுதலாக இருந்த முப்பத்துநான்கு கிலோவும் வலப்பக்கச் சக்கரங்களில்.

"முதலாளியம்மா, சிமெண்ட் மூட்டை எதையாவது ஒளிச்சு வெச்சிருப்பாரு," என்றான் கில்தார்தோ. என் மெக்கானிக்; தொப்பைக்கும் நாக்குக்கும் அளவே கிடையாது.

கம்பளத்தை உரித்தோம், கதவுப் பலகையைக் கழற்றினோம். கடைசியில் அந்த இருக்கையையே கழற்றித் தரையில் வைத்தோம். உபரி எடை காணாமல் போயிற்று. திரும்பப் பொருத்தினோம். மறுபடி முப்பத்துநான்கு. கில்தார்தோ சிலுவை போட்டுக்கொண்டு, "நான் டீ குடிச்சிட்டு வரேன்," என்று போய்விட்டான். அவன் டீ குடிப்பதே இல்லை.

எண்ணைச் சொன்னதும் தோன் எவெலியோ சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தமாரிஸ் முப்பத்துநாலுதான்," என்றார். "நவம்பர்ல பள்ளிக்கூடத்துல எடை பார்த்தாங்க."

தமாரிஸ் அவருடைய ஒரே மகள், பதினொரு வயது. அதற்கு முந்தின மாதம் மரிகீத்தாவிலிருக்கும் மாமியார் வீட்டுக்கு அவளை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். வழியில் ஃப்ரெஸ்னோ ஊரைத் தாண்டிச் சாலையோரக் கடையில் பாலாடைக்கட்டி ரொட்டி வாங்க இறங்கினார். நான்கு நிமிடம். திரும்பி வந்தபோது கதவுகள் பூட்டியபடி இருந்தன, பெல்ட் மாட்டியபடி இருந்தது, இருக்கையில் சூடுகூட இருந்தது. பிள்ளை இல்லை. போலீஸ் மோப்ப நாய்களைக் கொண்டுவந்தது. மூன்று நாய்களும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தனவே தவிர அதைவிட்டு ஒரு அடி நகரவில்லை.

பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தாளில் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த ஜனவரியில் மறுபடி வந்தார். முப்பத்தெட்டு.

"நாலு கிலோ ஏறியிருக்கா!" பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "செத்தவங்களுக்கு எடை ஏறுமா, தோன்யா? நீங்களே சொல்லுங்க, ஏறுமா?"

"எனக்குத் தெரிஞ்சு ஏறாது," என்றேன்.

அவர் மனைவி நோயெல்பா அதற்குள் மகளுக்கு இறந்தவர் பூசை வைத்துவிட்டுப் பெரெய்ராவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். போலீஸும் கோப்பைக் கட்டி மேலே போட்டுவிட்டது. தமாரிஸ் எங்கோ உயிரோடு வளர்கிறாள் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி என் கையெழுத்துப் போட்ட தாள். அதை வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் சாப்பிட்டார், தூங்கினார், தையல் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டார். வருடா வருடம் இஸ்திரி போட்ட சட்டையில், கொய்யா அல்வாப் பெட்டியோடு வருவார். நாற்பத்துமூன்று. நாற்பத்தேழு. ஐம்பத்தொன்று.

ஆறாவது வருடம் லெத்ராஸ் கணவாய் வரை ஓட்டிப் பார்த்தேன். மூடுபனி. கண்ணாடிகளெல்லாம் தெளிவாக இருக்க, வலப்பக்க ஜன்னல் மட்டும் உட்புறமாக மூச்சுப் பட்டது போல மங்கியது. துடைத்தேன். மறுபடி மங்கியது. பயந்தேன், ஏன் மறைக்கவேண்டும்? ஆனாலும் என் வாய் சும்மா இருக்காதே.

"குளிருதாடி கண்ணு?" என்று கேட்டு ஹீட்டரைப் போட்டேன். ஸ்பிரிங் லேசாகக் கிறீச்சிட்டது. அந்த வருடம் ஐம்பத்துநான்கு.

ஏழாவது ஜனவரியில் வழக்கம்போல சிஞ்சினா மேட்டில் ஏறினேன். மூன்றாவது கியரிலேயே கார் பிய்த்துக்கொண்டு போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, என்ன ஓட்டம்! கியர் வெண்ணெயில் விழுவது போல விழுந்தது, வளைவில் சாயாமல் தட்டையாக நின்றது, எழுபது குதிரையும் எனக்கே எனக்கு. அரை நிமிடம் சிரித்தபடி ஓட்டினேன். அப்புறம்தான் உறைத்தது.

ஓரங்கட்டினேன். பக்கத்து பெல்ட்டைக் கழற்றினேன். மணி அடிக்கவில்லை. பனி பெய்த காலை அது, ஆனால் ஜன்னல் பளிச்சென்றிருந்தது.

"தமாரிஸ்," என்று கூப்பிட்டேன். "அடியே, விளையாடாதே."

தட்டில் ஏற்றினோம். தொள்ளாயிரத்து நாற்பது. இறக்கி ஏற்றினோம். தொள்ளாயிரத்து நாற்பது. கில்தார்தோ ஒவ்வொரு தட்டையும் சரிபார்த்து மூன்றாவது முறை ஏற்றினான். புத்தகத்தில் போட்டது போல, ஒரு கிலோ கூடவில்லை, குறையவில்லை. இவ்வளவு சரியான பழைய காரை நான் பார்த்ததே இல்லை.

"என்ன எழுதப் போறீங்க?" கில்தார்தோ கேட்டான். கேலி இல்லாத அவன் குரலை அன்றுதான் கேட்டேன்.

"இருக்கறதத்தான். வேற எதை எழுதுவேன்? போய் உன் வேலையப் பாரு."

வெளியே பெஞ்சில் தோன் எவெலியோ அல்வாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சர்க்கரைப்பாகு பானத்தைக் குடிக்காமல் ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். தாளில் ஒன்பது போட்டேன். அடுத்தது நான்கு போடவேண்டும். கை நின்றது. ஒன்பது போட்டேன். பிறகு ஏழு: தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. கையெழுத்தும் போட்டேன்.

"ஐம்பத்தேழு," என்று நீட்டினேன். "மூணு கிலோ ஏறியிருக்கா."

அவர் அந்த எண்ணின்மேல் விரலை ஓட்டினார்.

"காலைல வர்றப்ப மூணாவது கியர்லயே மேடு ஏறிருச்சு, தோன்யா. ரெண்டாவது கேக்கவே இல்ல."

"குளிர் காத்துல என்ஜின் நல்லா இழுக்கும். தெரியாதா உங்களுக்கு?"

"பெல்ட்ட மாட்டறப்பவும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். "எண்ண மாத்தி எழுதற ஆளா நீங்க?"

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காலி இருக்கைக்கு பெல்ட் மாட்டிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

போன ஜனவரியும் வந்தார். தொள்ளாயிரத்து நாற்பதுதான். ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போனார். வரும் ஜனவரியில் தமாரிஸுக்குப் பத்தொன்பது. இந்த வயதுக்கு மேல் பெண்ணுக்கு எடை ஏறுமா என்று நேற்று கில்தார்தோவின் மனைவியைக் கேட்டேன்.

"வயித்துல புள்ள இருந்தா ஏறும்," என்றாள்.

எட்டுக் கிலோ கூட்டி அறுபத்தாறு என்று எழுதினால் அந்த மனிதர் தாங்குவாரா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.