வலது தோள் இரண்டு விரல் தாழ்வு

“முகம் கீறப்படா. முதுகு மட்டுந்தான். அதையும் பாக்கிறவன் என்ட முதுகெண்டு கண்டுபிடிக்கப்படா. ஓமெண்டா நிக்கிறன்.”

காலிதீன் இப்படிச் சொன்னபோது நதீரா உடனே ஓமென்றாள். கொழும்பில் ஓவியம் படித்த மூன்று வருடமும், ஆண் மாடல் வந்து நிற்கும் நாட்களில், சாய்ந்தமருதுப் பிள்ளைக்கு இது சரிவராது என்று ஆசிரியரே தீர்மானித்து அவளைப் பூச்சாடி வரைய அனுப்பிவிடுவார். ஆண் உடம்பென்று அவள் பார்த்து வரைந்ததெல்லாம் கூடத்தில் நின்ற சுதைச் சிலைகளைத்தான். அவை வேர்ப்பதுமில்லை, மூச்சு விடுவதுமில்லை. இப்போது மாமி மகனே புருஷனாக வந்திருக்கிறான். கரைவலை இழுத்துத் திரண்ட உடம்பு. நிக்காஹ் செய்த மாடலைப் பார்த்து வரைய எவரிடம் கேட்க வேண்டும்?

ஒரு மாதமாக, வலை முடிந்து வந்ததும், தொப்புளுக்கு மேலே இறுக்கிய சாரனோடு காலிதீன் பின்விறாந்தையில் முதுகைக் காட்டி நின்றான். குதிகாலும், இடுப்பின் மடிப்பும், முதுகுத்தண்டின் பள்ளமும் எண்ணெய் வர்ணத்தில் எழும்பி வந்தன. தோள்தான் பொய். ஒரே பக்கமாகக் கயிறு இழுத்ததில் அவனுடைய வலது தோள் இரண்டு விரல் தாழ்ந்து, பிடரியடியில் தசை முடிச்சாகக் கட்டியிருந்தது. கடற்கரையில் தூரத்திலிருந்தே அவனை அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள். கொடுத்த வாக்குக்காக நதீரா அந்த இடத்தில் சுதைச் சிலையின் தோள்களை ஒரே மட்டமாக வைத்திருந்தாள்.

மருதமுனையிலிருந்து சாரன் ஏற்றும் லொறி வியாழக்கிழமை கொழும்புக்குப் போகிறது. படம் அதில் போனால்தான் அங்கே நடக்கும் கண்காட்சியில் தொங்கும். அன்று செவ்வாய்.

“மச்சான், தோள மாத்திக் கீறுறன். இப்படியே அனுப்பினா படம் செத்தது மாதிரி.”

“செத்தாக் கிடக்கட்டும். கடக்கரை மீன்வாடியில என்னப் பாத்துச் சிரிப்பானுகள்.”

“நல்லாக் கீறினதப் பாத்து ஆரும் சிரிப்பாங்களா?”

“வலை இழுக்கிறவனுகளப் பத்தி உனக்குத் தெரியா புள்ள.”

அந்நேரம் வலைக்குத் தலைவனான தண்டயல் அபூசாலி படலையைத் திறந்துகொண்டு வந்தார். “காலிதீன்! மீன் கூட்டம் கண்ணில பட்டிருக்குடா. லுஹருக்குப் பிறகு வலை வைக்கிறம், வா.”

காலிதீன் அவசரமாகச் சேட்டை எடுத்து முதுகை மறைத்து மாட்டினான். பிறகு அவன் கண்ணில் ஒரு குறும்பு.

“காக்கா, இஞ்ச வாங்க. இது ஆரெண்டு சொல்லுங்க பாப்பம்.”

அபூசாலி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இடமும் வலமும் நகர்ந்து பார்த்தார். “யா அல்லாஹ்! படச் சீலையிலயா இது? தொட்டாச் சுடும் போல இரிக்கே. குதிகாலப் பாரு, மணலுக்குள்ள குத்தி நிக்குது. வலைக்காரன்தான்.”

“எந்த வலைக்காரன்?”

“கேக்கணுமா? நம்மட றஸாக்.”

“ஆரு?”

“றஸாக்குடா. ஒரே மட்டமான தோள் அவனுக்குத்தானே இரிக்கி. இழுக்காமக் கயித்தச் சும்மா தொட்டுக்கிட்டே நடக்கிறவனுக்குத் தோள் எங்க சரியப் போகுது? ஆனா நிண்டா ராசா மாதிரித்தான். கரையில வச்சுப் பாத்துக் கீறினதா புள்ள?”

“கீறினது ஆரையெண்டு சொல்றதில்லையெண்டு வாக்குக் குடுத்திட்டன் காக்கா” என்றாள் நதீரா, புருஷனைப் பார்க்காமலே.

“அப்ப றஸாக்தான்! சொன்னாத் துள்ளுவான்.” அபூசாலி சிரித்துக்கொண்டே படலையைச் சாத்திவிட்டுப் போனார்.

காலிதீனின் முகம் கறுத்துவிட்டது. “ஒரு மாசம் கால்கடுக்க நிண்டது நான். பேர் அந்த வேலைக் கள்ளனுக்கா? நீ வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“வாய மூடச் சொன்னது நீங்கதானே மச்சான்.”

“ஊரெல்லாம் சொல்லித் திரிவாரு அந்த மனிசன்! காலிதீன்ட பொண்டாட்டி றஸாக்கக் கீறினாளாம் எண்டு! இதுக்கு அந்தச் சிரிப்பே நல்லம்.”

“அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?”

சேட்டு பறந்து போய் விறாந்தைத் திண்ணையில் விழுந்தது. “தோள இறக்கு. ரெண்டு விரல். முடிச்சையும் வை. ஒண்டும் விடாத.”

“சும்மா நிண்டா முடிச்சு எழும்பாது. நீங்க இழுக்கணும்.”

காலிதீன் ஒரு துண்டுக் கயிற்றை விறாந்தையை ஒட்டி நின்ற தென்னையில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிப் பின்னால் சாய்ந்தான். தென்னை அசையவில்லை. பிடரியடியில் தசை எழும்பியது, வலது தோள் இறங்கியது, முதுகு முழுவதும் அந்தத் தோளுக்குப் பின்னாலேயே சரிந்து போனது. நதீரா தட்டைக் கத்தியை எடுத்தாள். மூன்று வருடம் படித்த சுதைத் தோள்களை இரண்டே இழுவையில் சுரண்டி எறிந்தாள்.

“வேர்க்குது. துடைக்கட்டா?” என்றான் காலிதீன்.

“தொடாதீங்க. அந்த வேர்வையும் எனக்கு வேணும்.”

மதியத்து லுஹர் தொழுகை முடிந்தது. கடற்கரையிலிருந்து வலைக்காரர் கூப்பிடும் சத்தம் ஒருமுறை கேட்டது, இரண்டாந்தரமும் கேட்டது.

“இழுக்கிறதுக்கு ஆள் காணாதாம் மச்சான். போறீங்களா?”

“இண்டைக்கு றஸாக் இழுக்கட்டும்” என்றான் காலிதீன், கயிற்றை விடாமல்.

“கதைக்காதீங்க, தோள் ஆடுது” என்றாள் நதீரா.